கட்டி முடிச்சாச்சு, அப்புறம்? – எல்எஃப்எஸ் நூலின் கடைசி அத்தியாயத்தை முன்வைத்து

'லினக்ஸ் ஃப்ரம் ஸ்க்ராட்ச்' நூலின் பதினோராவது அத்தியாயத்தின் பெயர் 'முடிவு'. நூலிலேயே சிறிய அத்தியாயங்களில் ஒன்று. வெளியீட்டு எண்ணை ஒரு கோப்பில் எழுதச் சொல்கிறது, கட்டி முடித்தவர்கள் பட்டியலில் பெயரைப் பதிந்து ஒரு எண் வாங்கிக்கொள்ளச் சொல்கிறது, மவுன்ட் செய்ததையெல்லாம் கழற்றிவிட்டு ரீபூட் பண்ணச் சொல்கிறது. பிறகு சில இணைப்புகள். சமீபத்திய பதிப்புகளில் 'இதற்குப் பின் தொடங்குவது எப்படி' என்று ஒரு பக்கம் சேர்ந்திருக்கிறது. அவ்வளவுதான். என் விமர்சனம் முழுக்க அந்தக் கடைசி அத்தியாயத்தின் மேல்தான். அதைச் சொல்ல முந்தைய பத்து அத்தியாயங்களின் பெருமையையும் சொல்லியாக வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1999-இல் கெரார்ட் பீக்மன்ஸ் தொடங்கிய இலவச நூல் இது. எல்எஃப்எஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். ஒரு லினக்ஸ் கணினியில் உட்கார்ந்துகொண்டு, வேறொரு லினக்ஸ் அமைப்பை முழுக்க முழுக்க மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து எழுப்புவது எப்படி என்பதை ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லித்தரும். ஐந்தாம் அத்தியாயத்தில் கிராஸ் கம்பைலர், ஆறு, ஏழில் தற்காலிகக் கருவிகள், எட்டில் ஏறத்தாழ 80 மென்பொருள்கள், ஒன்பதில் அமைவுகள், பத்தில் கர்னலும் பூட்லோடரும். நேரத்தை மணிக்கணக்கில் சொல்லாமல், பின்யூட்டில்ஸ் முதல் முறை கம்பைல் ஆக உங்கள் கணினியில் எவ்வளவு நேரம் ஆகிறதோ அதை ஒரு அலகு என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதன் மடங்காகச் சொல்வார்கள். எந்தக் காலத்துக் கணினிக்கும் பொருந்தும் அளவுகோல். எனக்கு மிகவும் பிடித்த சின்ன விஷயம் இது.

பெரிய விஷயம் ஐந்தாம் அத்தியாயம். ஜிசிசி கம்பைலர் வேலை செய்ய ஜிலிப்சி வேண்டும். ஜிலிப்சியைக் கட்ட ஜிசிசி வேண்டும். முட்டையா கோழியா என்ற இந்தச் சிக்கலை நூல் எப்படி அவிழ்க்கிறது என்று பாருங்கள். இலக்கு இயந்திரத்தின் பெயரில் நடுவில் வரும் தயாரிப்பாளர் பகுதியை மட்டும் 'எல்எஃப்எஸ்' என்று மாற்றிவிடுகிறார்கள். சிப் அதேதான், ஆனாலும் பெயர் வேறு என்பதால் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்கள் இதை வேறொரு இயந்திரத்துக்கான கம்பைல் என்று நம்பிவிடும். பழைய அமைப்பின் லைப்ரரிகளைத் தொடாது. ஜிலிப்சி முடிந்ததும் ஒரு சோதனை. உள்ளே ஒன்றுமே இல்லாத மெயின் ஃபங்ஷன் ஒன்றைக் கம்பைல் செய்து, அந்த பைனரி எந்த டைனமிக் லோடரைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே ஒரு வரி விடை. அந்த வரி சரியாக வந்தால்தான் மேலே போகலாம். ஒரு வெற்று நிரலுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை இவ்வளவு சிக்கனமாகக் காட்டிய பாடம் வேறு எதையும் நான் படித்ததில்லை. பி.இ.-யில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்துக்குப் பேங்கர்ஸ் அல்காரிதத்தைத் தாளில் கட்டம் போட்டுத் தீர்த்தோம். டைனமிக் லோடர் என்ற சொல்லைக் கேட்டதாகக்கூட ஞாபகம் இல்லை.

ஆனா இந்தக் கூர்மை எட்டாம் அத்தியாயத்தில் மழுங்கத் தொடங்குகிறது. கான்ஃபிகர், மேக், சோதனை, இன்ஸ்டால். மறுபடியும் கான்ஃபிகர், மேக். 30-ஆவது பொதியில் வாசகர் யோசிப்பதை நிறுத்திவிட்டு நகலெடுத்து ஒட்ட ஆரம்பிக்கிறார். இதற்கு ஆதாரம் வெளியே தேட வேண்டாம். நூலின் மூலக் கோப்புகளிலிருந்து கட்டளைகளை மட்டும் உருவி எடுத்துத் தானாகவே முழு அமைப்பையும் கட்டிவிடும் கருவி ஒன்றை அதே திட்டத்தினரே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது தேவை. ஒவ்வொரு பதிப்பையும் சரிபார்க்க வேண்டுமே. ஆனால் ஒரு நூலை அப்படியே ஸ்கிரிப்டாக ஓட்ட முடிகிறது என்றால், அதைப் படிப்பவரும் ஒரு ஸ்கிரிப்டாக ஓடி முடித்துவிட முடியும். லாகின் பிராம்ப்ட் வந்துவிட்டது, பதிவு எண்ணும் கிடைத்துவிட்டது. 'நான் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம் கட்டினேன்' என்ற வாக்கியத்தில் 'கட்டினேன்' என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை என்ற கேள்வியைக் கேட்க வேண்டிய இடம் கடைசி அத்தியாயம். அது கேட்பதில்லை.

மாறாக என்ன சொல்கிறது? இன்னும் நிறுவு என்கிறது. அடுத்த நூல் தயாராக இருக்கிறது, பிஎல்எஃப்எஸ். அதில் எக்ஸ், வேலண்ட், க்னோம், கேடிஇ, ஃபயர்ஃபாக்ஸ் என்று எல்லாம் உண்டு. புதிதாகச் சேர்ந்த பக்கமும் பயனுள்ளதுதான். புது அமைப்பில் டபிள்யூகெட் இல்லை, மவுஸில் நகலெடுக்க வழியில்லை, அதனால் பழைய அமைப்பிலிருந்தே சிரூட் செய்து வேலையைத் தொடருங்கள் அல்லது எஸ்எஸ்எச் போட்டுக்கொள்ளுங்கள் என்று நடைமுறை யோசனை சொல்கிறது. நல்ல யோசனை. ஆனால் அந்தப் பக்கம் ஒரு அருமையான பாடத்தைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே போட்டுவிடுகிறது.

அந்தப் பாடம் இது. டபிள்யூகெட் இல்லாத கணினியில் டபிள்யூகெட்டை எப்படி இறக்குவது? எல்எஃப்எஸ் அமைப்பில் பைத்தான் உண்டு, ஓப்பன்எஸ்எஸ்எல் உண்டு. அப்போது பைத்தானில் நாலு வரி எழுதி இறக்கிவிடலாம் அல்லவா? எழுதிப் பாருங்கள். சான்றிதழைச் சரிபார்க்க முடியவில்லை என்று நின்றுவிடும். ஏனென்றால் யாரை நம்புவது என்ற பட்டியல், அதாவது ரூட் சான்றிதழ்களின் தொகுப்பு, இந்த அமைப்பில் இல்லவே இல்லை. நாம் 80 மென்பொருள்களைக் கம்பைல் செய்தோம், ஆனால் நம்பிக்கையைக் கம்பைல் செய்ய முடியாது. அதை யாரிடமிருந்தாவது வாங்கித்தான் வைக்க வேண்டும். உபுண்டுவில் அந்தப் பட்டியல் நம்மிடம் கேட்காமலேயே வந்து உட்கார்ந்திருக்கும். இங்கேதான் அது ஒரு தனிப் பொருள் என்பதே தெரியவருகிறது. பேஷ் ஷெல்லிலேயே டிசிபி இணைப்பு திறக்கும் வசதி இருக்கிறது. அதை வைத்துக் குறியாக்கம் இல்லாத எச்டிடிபி வழியாக ஒரு கோப்பை இழுத்துவிடலாம். இழுத்தது சரியான கோப்புதானா என்பதற்குச் செக்சம் பார்க்க வேண்டும். அந்தச் செக்சம் எங்கிருந்து வந்தது? நூலிலிருந்து. நூல் எங்கிருந்து வந்தது? இப்படி ஒரு மாலை முழுவதும் போகும். 'பழைய அமைப்பிலிருந்து செய்துகொள்ளுங்கள்' என்று ஒரு வரியில் முடித்தால் அந்த மாலை கிடைக்காது. (நூல் இன்னும் எம்டி5 செக்சம்தான் தருகிறது. 2004-இலேயே வாங் சியாவ்யுன் குழு எம்டி5-இல் மோதல்களைக் காட்டிவிட்டது. ஏற்கனவே இருக்கும் ஒரு கோப்புக்கு ஈடாக இன்னொன்றைச் செய்வது இன்னும் நடைமுறையில் சாத்தியமில்லைதான், ஆனாலும் பழக்கமாகப் போன விஷயம், மாற்றலாம்.)

அடுத்தது, உயிரோடு வைத்திருப்பது. இதுதான் என் முதன்மையான குறை. எல்எஃப்எஸ் கட்டியவர்களில் எத்தனை பேர் அதை ஒரு வருடம் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள், பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதில். ஒரு உதாரணம். எல்எஃப்எஸ் 12.0 பதிப்பு 2023 செப்டம்பரில் வந்தது, அதில் ஜிலிப்சி 2.38. அடுத்த மாதம், அக்டோபர் 3-ஆம் தேதி, குவாலிஸ் நிறுவனம் 'லூனி ட்யூனபிள்ஸ்' என்ற ஓட்டையை வெளியிட்டது. ஜிலிப்சி 2.34-இலிருந்து இருந்த ஓட்டை அது. ஒரு சூழல் மாறியைக் கோணலாக எழுதி 'சு' போன்ற செட்யுஐடி நிரலை ஓட்டினால், சாதாரண பயனர் ரூட் ஆகிவிடலாம். அதாவது வாசகர் ஆசையாகக் கட்டி முடித்த அமைப்பு, முடித்த சில வாரங்களிலேயே திறந்த வீடு. டெபியன்காரருக்கு ஒரு அப்கிரேட் கட்டளை போதும். எல்எஃப்எஸ்காரருக்கு?

அவர் பேட்சைத் தேடி எடுத்து ஜிலிப்சியை மறுபடி கம்பைல் பண்ண வேண்டும். பிறகு, ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில், ஓடிக்கொண்டிருக்கும் எல்லா நிரல்களும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் லைப்ரரியையே மாற்ற வேண்டும். மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை மாற்றுகிற வேலை. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. புதிய லைப்ரரியைப் பழைய கோப்பின் மேலேயே எழுதினால், அதை நினைவகத்தில் இணைத்து வைத்திருக்கும் நிரல்களின் காலடியில் பைட்டுகள் மாறும். பல நிரல்கள் செத்து விழும். புதியதைத் தனியே எழுதிவிட்டு, பெயரை மட்டும் ஒரே கணத்தில் மாற்றினால், பழைய நிரல்கள் பழைய ஐநோடைப் பிடித்தபடி நிம்மதியாக ஓடும். புதிதாகத் தொடங்குபவை புதியதை எடுத்துக்கொள்ளும். கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு என்ற யூனிக்ஸ் வடிவமைப்பின் அடிப்படைக் கருத்து இவ்வளவு உறைக்கிற மாதிரி வேறெங்கும் வராது. எட்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே புதுப்பித்தல் பற்றிக் கொஞ்சம் பேசுகிறார்கள், எச்சரிக்கவும் செய்கிறார்கள். நல்ல குறிப்புகள். ஆனா அவை இருப்பது, வாசகர் இன்னும் ஒன்றுமே நிறுவாத இடத்தில். படிக்கிறவருக்கு அங்கே அது சட்டப்பிரிவு மாதிரி கண்ணில் பட்டு நழுவிப் போகும். அதே பக்கங்கள் கடைசி அத்தியாயத்தில் ஒரு பயிற்சியாக இருந்திருக்க வேண்டும்: இதோ உங்கள் அமைப்பு ஓடுகிறது, இப்போது ஜிலிப்சியை மாற்றுங்கள், எந்த நிரலும் சாகக்கூடாது.

பொதி மேலாண்மையும் இப்படித்தான். பேக்கேஜ் மேனேஜர் எதையும் நூல் பரிந்துரைப்பதில்லை. அது கவனத்தைத் திருப்பும், எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே தீர்வு கிடையாது என்பது அவர்கள் வாதம். பல முறைகளைப் பட்டியலிடுகிறார்கள். 'எல்லாம் என் தலைக்குள் இருக்கிறது' என்பதும் அதில் ஒன்று. நகைச்சுவைதான், ஆனால் பெரும்பாலோர் பின்பற்றுவது அதைத்தான்! கட்டும்போது வேண்டாம் என்ற வாதத்தை ஒப்புக்கொள்கிறேன். கட்டிய பிறகும் வேண்டாமா? 'மேக் இன்ஸ்டால்' எந்தெந்தக் கோப்பை எங்கே வைத்தது என்று எங்கும் குறித்து வைப்பதில்லை. இதை உணர்ந்தவருக்கு அடுத்த வேலை தானாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு மென்பொருளையும் நேரே ரூட்டில் நிறுவாமல், டெஸ்ட்டிர் என்ற மாறியைக் கொடுத்து ஒரு காலி அடைவில் நிறுவி, அங்கே விழுந்த கோப்புகளைப் பட்டியலெடுத்து, பிறகு ரூட்டுக்கு நகர்த்தும் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். நூறு வரிக்குள் முடியும். அடுத்த வாரம் இரண்டு மென்பொருள்கள் ஒரே கோப்புக்குச் சண்டை போடும். அதற்கு ஒரு விதி எழுத வேண்டும். அதற்கடுத்த வாரம், பயனர் கையால் திருத்திய அமைவுக் கோப்பை அப்கிரேட் அழித்துவிடும். அதற்கு இன்னொரு விதி. மூன்று மாதத்தில் டிபிகேஜி ஏன் அப்படி இருக்கிறது என்று அதன் கையேட்டைப் படிக்காமலேயே புரிந்துவிடும். இன்னொரு டெஸ்க்டாப்பைக் கம்பைல் செய்வதை விட இது எத்தனையோ மடங்கு மேல் என்பது என் கட்சி.

இப்போது, மூலநிரலிலிருந்து கட்டினேன் என்ற பெருமிதத்துக்கு வருவோம். 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட், எக்ஸ்இசட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு இருப்பதை வெளியிட்டார். எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைத் தேடிப் போய்க் கண்டுபிடித்தது. அந்த நச்சின் ஒரு பகுதி சோதனைக் கோப்பு வேடத்தில் இருந்தது. அதை எழுப்பிவிடும் எம்4 கோப்பு கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டு டார்பாலில் மட்டும் இருந்தது. எல்எஃப்எஸ் வாசகர் என்ன செய்கிறார்? டார்பாலை இறக்கி, விரித்து, கான்ஃபிகரை ஓட்டுகிறார். பல பொதிகளில் கான்ஃபிகர் என்பது எந்திரம் எழுதிய, பல்லாயிரம் வரி நீளும் ஷெல் ஸ்கிரிப்ட். யாரும் படிப்பதில்லை, படிக்கவும் முடியாது. நச்சு வைத்தவர் தேர்ந்தெடுத்தது சரியாக அந்த இடத்தைத்தான்.

அப்படியானால் அந்தப் பதிப்பைக் கையால் கட்டியவர்கள் மாட்டிக்கொண்டிருப்பார்களா? பெரும்பாலும் இல்லை. அந்த நிரல், தான் டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாகக் கட்டப்படுகிறதா என்று பார்த்து, அப்படியென்றால்தான் உயிர்பெறும். அதோடு, எஸ்எஸ்எச் சர்வருக்குள் அது நுழைந்ததே, சில விநியோகங்கள் அதை சிஸ்டம்டி லைப்ரரியோடு இணைக்கப் போட்ட பேட்ச் வழியாக. கவனியுங்கள், மூலநிரலிலிருந்து கட்டியவர் தப்பியது படித்துப் பார்த்ததால் இல்லை. அவர் பொருட்படுத்தத்தக்க இலக்கே இல்லை என்பதால். இதை எல்எஃப்எஸ் ஆர்வலர்கள் வெற்றியாகச் சொல்லிக்கொள்வதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். பிஎல்எஃப்எஸ்ஸில் ஃபயர்ஃபாக்ஸ் வரை ஏறிப் போகிறவர் நடுவில் ரஸ்ட் கம்பைலரைக் கட்ட வேண்டும். ரஸ்ட் தன்னைத்தானே கட்ட இன்னொரு ரஸ்ட் கேட்கும். அதனால் கட்டத் தொடங்கியதும் ஏற்கனவே கம்பைல் ஆன பைனரி ஒன்றை வலையிலிருந்து இறக்கிக்கொள்ளும். போச்சு. எல்லாம் மூலநிரல் என்றவர் வீட்டுக்குள் ஒரு பைனரி வந்து உட்கார்ந்தாயிற்று. சொல்லப்போனால் அது முதல் பைனரியும் இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் முதல் ஜிசிசியைக் கட்டியது யார்? பழைய விநியோகத்தின் ஜிசிசி. கென் தாம்சன் 1984-இல் வெளியான தன் டூரிங் விருது உரையில் சொன்ன சிக்கல் இங்கே அப்படியே நிற்கிறது: கம்பைலருக்குள் ஒளிந்திருக்கும் திருட்டு, மூலநிரலில் எந்தத் தடயமும் இல்லாமல், அடுத்தடுத்த கம்பைலர்களுக்குத் தொற்றிக்கொண்டே போகலாம். 'ஸ்க்ராட்ச்' என்ற சொல்லைத் தலைப்பில் வைத்திருக்கிற நூல் இதை ஒரு கேள்வியாகவாவது வாசகர் முன் வைத்திருக்க வேண்டாமா?

விடையின் பக்கமாக உண்மையிலேயே நெடுந்தூரம் போனவர்கள் இருக்கிறார்கள். கிக்ஸ் திட்டத்தினர் 2023-இல், தங்கள் பொதித் தொகுதியின் அடியில் இருக்கும் ஆரம்ப பைனரியை 357 பைட்டுக்குக் குறைத்துவிட்டதாக அறிவித்தார்கள். கையால் படித்துச் சரிபார்க்கக்கூடிய அளவு. அந்த 357 பைட் ஒரு ஹெக்ஸ் மொழிபெயர்ப்பி. அதிலிருந்து சின்ன அசெம்ப்ளர், அதிலிருந்து எளிய சி கம்பைலர், மெஸ், டைனிசிசி, பழைய ஜிசிசி, பிறகு புதிய ஜிசிசி என்று படி ஏறுகிறது. பழைய ஜிசிசி ஏன் தேவை என்றால், 4.8-இலிருந்து ஜிசிசியைக் கட்ட சி++ கம்பைலர் வேண்டும். வெறும் சி கம்பைலரை வைத்துக் கட்டக்கூடிய கடைசி வரிசை 4.7. பாதையில் இப்படி ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. லைவ்-பூட்ஸ்ட்ராப் என்ற திட்டத்தில் இந்தப் படிகளை நீங்களே ஓட்டிப் பார்க்கலாம். எல்எஃப்எஸ் முடித்தவருக்கு அடுத்த புத்தகம் இதுதான் என்று நான் சொல்வேன், பிஎல்எஃப்எஸ் அல்ல. டேவிட் வீலர் சொன்ன இரட்டைக் கம்பைல் சோதனையையும், அதாவது ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கம்பைலர்களால் கட்டி முடிவில் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுவதையும், அப்போது அர்த்தத்தோடு படிக்கலாம்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்பவருக்கு எளிய வேலை ஒன்று. கட்டிய எல்எஃப்எஸ்ஸுக்குள் உட்கார்ந்து இன்னொரு எல்எஃப்எஸ் கட்டுங்கள், இரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரே மூலநிரல், ஒரே கட்டளை, ஆனாலும் கோப்புகள் ஒன்றாக இருக்காது. கட்டிய தேதி பைனரிக்குள் போயிருக்கும், ஆர்கைவ் கோப்பில் நேரம் இருக்கும், அடைவின் பெயர் டீபக் தகவலில் இருக்கும். ஒவ்வொன்றையும் துரத்தி ஒழிக்கும்போதுதான் கம்பைல் என்ற வேலையில் மூலநிரலைத் தவிர இன்னும் எத்தனை உள்ளீடுகள் இருக்கின்றன என்று தெரியும்.

எதிர்த் திசையிலும் போகலாம். எல்எஃப்எஸ்ஸைச் 'சிறிய' அமைப்பு என்று சொல்கிறோமே, உண்மையில் அது சிறியதே இல்லை. பெர்ல், பைத்தான், முழு ஜிசிசி எல்லாம் உள்ளே இருக்கிறது. தன்னைத்தானே மறுபடி கட்டிக்கொள்ளும் அளவுக்குப் பெரியது என்பதே சரி. சிறியது வேண்டுமானால் கர்னலின் 'டைனிகான்ஃபிக்' கட்டளையிலிருந்து தொடங்கிப் பாருங்கள். அதில் திரையில் ஒரு எழுத்தும் வராது, ஏனென்றால் செய்தி அச்சிடும் வசதியே அணைக்கப்பட்டிருக்கும். அதைப் போட்டால், எல்ஃப் வடிவ நிரல்களை ஓட்டும் வசதி இல்லை என்பதால் இனிட் ஓடாது. அதையும் போடுங்கள். பிறகு இனிட்டை நீங்களே எழுதுங்கள், முப்பது வரி சி போதும்: ப்ராக்கை மவுன்ட் செய்து, ஒரு ஷெல்லைக் கிளப்பி, இறந்த பிள்ளை ப்ராசஸ்களை வெயிட் போட்டு அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த முப்பது வரி முடிந்து வெளியேறினால் கர்னல் பேனிக். ஒன்றாம் எண் ப்ராசஸ் சாகக்கூடாது என்பதை எல்லோரும் படித்திருப்போம். க்யூஎமுவில் அதைச் சாகவிட்டுப் பார்ப்பது வேறு அனுபவம்.

கடைசியாக, தமிழ் வாசகர்களுக்கென்றே ஒன்று. எட்டாம் அத்தியாயத்தில் கோர்யூட்டில்ஸைக் கட்டும்போது பன்மொழி பேட்ச் ஒன்றைப் போடச் சொல்கிறார்கள். பல பைட் எழுத்துகளின் எல்லையை நிரல்கள் அறிய வேண்டும் என்று பாசிக்ஸ் கேட்கிறது, அதற்காக என்று சுருக்கமான விளக்கம். ஆங்கிலம் மட்டும் தட்டச்சு செய்கிறவர் அங்கே நிற்கமாட்டார், நாம் நிற்க வேண்டும். 'கொ' என்ற ஒரு எழுத்து யுடிஎஃப்-8-இல் இரண்டு குறியீட்டெண், 6 பைட். கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தால் மூன்று குறியீட்டெண், 9 பைட்; கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பேட்ச் இல்லாத 'கட்' கட்டளை நெடுங்காலமாக எழுத்தென்று சொல்லிக்கொண்டு பைட்டைத்தான் வெட்டி வந்தது. தமிழ் எழுத்து நடுவில் உடைந்து கேள்விக்குறியாகும். பேட்ச் போட்டால் குறியீட்டெண்ணை வெட்டும். 'கொ' இப்போது 'க' ஆகும். எது சரி? இரண்டுமே நம் எழுத்து இல்லை.

திரையில் காட்டுவது இன்னும் சுவாரசியம். லினக்ஸ் கன்சோலுக்கு ஒரு குறியீட்டெண்ணுக்கு ஒரு உருவம்தான் தெரியும். எழுத்துருவில் அதிகபட்சம் 512 உருவங்கள். நம் 247 எழுத்துக்கு 512 தாராளம் அல்லவா? உருவங்கள் போதும், வரிசைதான் இடிக்கிறது. ககரத்துக்குப் பின் சேமிக்கப்படும் கொம்பு திரையில் முன்னால் வர வேண்டும். கன்சோலுக்கு அந்த வேலை தெரியாது. டிஸ்கி காலத்தில் பார்வை வரிசையிலேயே சேமித்தோம், இந்தத் தொல்லை காட்டும் பக்கத்தில் இருக்கவில்லை. தேடுதல், அகரவரிசை என்று வேறு பக்கத்தில் இருந்தது. யூனிகோடில் முறையாகக் காட்ட வேண்டுமானால் ஃப்ரீடைப், ஹார்ஃப்பஸ், ஃபான்ட்கான்ஃபிக், பாங்கோ எல்லாம் வேண்டும், எல்லாம் பிஎல்எஃப்எஸ்ஸில். அங்கேயும் நீண்ட காலம் ஒரு வேடிக்கை இருந்தது. ஃப்ரீடைப்புக்கு ஹார்ஃப்பஸ் வேண்டும், ஹார்ஃப்பஸுக்கு ஃப்ரீடைப் வேண்டும். ஒன்றை அரைகுறையாகக் கட்டி, மற்றதைக் கட்டி, முதலாவதை மறுபடி கட்டுவார்கள். ஐந்தாம் அத்தியாயத்து ஜிசிசி-ஜிலிப்சி கதையேதான், இந்த முறை ஒரு கொம்புக்காக.

பிஎல்எஃப்எஸ்ஸுக்குப் போகாமலே ஒன்று செய்து பார்க்கலாம். கன்சோல் எழுத்துரு ஏற்றும் கருவி எல்எஃப்எஸ்ஸிலேயே இருக்கிறது. 16 புள்ளி அகலத்தில் தமிழ் உருவங்களை வரைந்து, யூனிகோடின் தனிப்பயன் எண்களுக்கு ஒட்டி ஏற்றுங்கள். பிறகு உள்ளே வரும் யுடிஎஃப்-8-ஐப் படித்து, கொம்புகளை முன்னால் தள்ளி, 'ஒ'கரக் குறிகளை இரண்டாகப் பிரித்து, அந்தத் தனிப்பயன் எண்களாக வெளியே விடும் ஒரு வடிகட்டி நிரலை எழுதுங்கள். இருநூறு வரிக்குள் முடியும். 'ணௌ', 'ஞௌ' மாதிரி அகலமான எழுத்துகள் எத்தனை கட்டம் பிடிக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதைக் கர்சரிடமும் சொல்லியாக வேண்டும். பேக்ஸ்பேஸ் அழுத்தினால் எது அழிய வேண்டும் என்ற கேள்வி அதற்கடுத்து வரும்.